எலும்பு உடைந்த கதையைச் சொல்லலாமா, கூடாதா?

எனக்கு இப்போது 50 வயது. இதுவரை 14 முறை எலும்பு முறிந்திருக்கிறது. கணக்கு வைத்தது நானல்ல, அம்மா. பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் தேதி போட்டு, 'வலது தொடை', 'இடது முழங்கை', 'மறுபடி வலது தொடை' என்று எழுதி வைத்திருந்தாள். அம்மா எழுதியவை 12. மிச்சம் இரண்டை நான் எழுதிச் சேர்த்தேன்.

அதில் 11 முறிவுகள் எனக்கு 15 வயது ஆவதற்குள் நடந்தவை. முதல் முறிவு ஒன்றரை வயதில், நடை பழகும்போது. மரத்திலிருந்து விழுந்து, மாடியிலிருந்து விழுந்து என்றெல்லாம் பெரிதாக எதுவும் கிடையாது. திண்ணையிலிருந்து இறங்கும்போது ஒன்று. கபடி பார்த்துக்கொண்டு நின்றவள் மேல் ஒரு பையன் வந்து மோதியதில் ஒன்று. போர்வையில் கால் சிக்கியிருப்பது தெரியாமல் தூக்கத்தில் திரும்பிப் படுத்ததில்கூட ஒன்று.

கோவில்பட்டிப் பக்கம் எங்கள் ஊர். அப்போதெல்லாம் எலும்பு முறிந்தால் முதலில் ஓடுவது கட்டுப் போடுகிறவர் வீட்டுக்குத்தான். மூங்கில் பத்தை, முட்டை வெள்ளைக்கரு, உளுந்து மாவு, பழைய வேட்டிக் கிழிசல். அந்தத் தாத்தாவுக்கு என் கை, கால் எல்லாம் மனப்பாடம். "எல்லாப் பிள்ளைக்கும் கூடுற மாதிரியே கூடிடுது தாயி. ஆனா விடுறதுதான் எல்லாப் பிள்ளைக்கும் விடுற மாதிரி இல்ல" என்பார். எக்ஸ்ரேயும் இல்லாமல், ரத்தப் பரிசோதனையும் இல்லாமல் அவர் சொன்னது எவ்வளவு சரி என்று பின்னால் பெரிய டாக்டர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

வயதுக்கு வந்த பிறகு முறிவுகள் சுவிட்சை அணைத்ததுபோல நின்றுபோயின. "சத்து ஏறிடுச்சு" என்றார்கள். அதுவரை எனக்கு ஊற்றிய ஆட்டுக்கால் சூப்புக்கு அந்தப் பெருமை போய்ச் சேர்ந்தது.

இந்த 'சத்து' என்ற சொல்லைப் பற்றித்தான் கொஞ்சம் பேச வேண்டும். எலும்பு என்றால் கால்சியம், கால்சியம் என்றால் பால் என்று நம் எல்லோர் மனதிலும் பதிந்திருக்கிறது. இன்றைக்கும் என் கதையைக் கேட்கிறவர்கள் முதலில் கேட்பது, "கால்சியம் மாத்திரை சாப்பிடுறீங்களா?" என்பதைத்தான்.

நான் நடுநிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. பிள்ளைகளுக்கு ஒரு சோதனை செய்து காட்டுவேன். சாப்பிட்டு மிஞ்சிய கோழிக்கால் எலும்பைக் கழுவி, வினிகரில் சில நாள் ஊறப்போட வேண்டும். வினிகர், எலும்பில் இருக்கும் கால்சியம் உப்புகளைக் கரைத்துவிடும். எடுத்துப் பார்த்தால் எலும்பு அதே வடிவத்தில்தான் இருக்கும், ஆனால் ரப்பர் மாதிரி வளையும். அப்படி வளைகிற பகுதிதான் கொலாஜன் என்ற புரதம். இன்னொரு எலும்பை நெருப்பில் நன்றாகச் சுட்டால் கொலாஜன் எரிந்துபோய், கால்சியம் மட்டும் மிஞ்சும். அந்த எலும்பை விரலால் அழுத்தினாலே பொடியாகிவிடும். வீடு கட்டியவர்களுக்கு இது உடனே புரியும். கால்சியம் சிமென்ட் என்றால், கொலாஜன் கம்பி. கம்பி குறைந்த தூணில் எவ்வளவு சிமென்ட் பூசினாலும் தூண் தூணாக நிற்காது.

எனக்குக் குறைவாக இருப்பது கம்பி. அது தெரிய எனக்கு 37 வயது ஆகவேண்டியிருந்தது.

2012-ல் என் மகளுக்கு 12 வயது. மூன்றாவது முறையாக மணிக்கட்டு முறிந்து மதுரையில் ஒரு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனோம். அங்கே இருந்தவர் இளவயது டாக்டர். கையைப் பார்ப்பதற்கு முன்னால் டார்ச் அடித்து மகளின் கண்களைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து என் கண்களைப் பார்த்தார். "உங்க அம்மாவுக்கும் கண்ணு வெள்ளை இப்படித்தான் நீலமா இருக்குமா?" என்று கேட்டார்.

பூனைக்கண் என்கிறோமே, அது வேறு. அது நடுவில் இருக்கும் பாப்பாவைச் சுற்றிய நிறம். எங்கள் வீட்டில் நீலம் பாரித்திருப்பது கண்ணின் வெள்ளைப் பகுதி. சொட்டு நீலம் கொஞ்சம் தூக்கலாகப் போட்டு அலசிய வேட்டி மாதிரி இருக்கும். அம்மாவுக்கு அப்படித்தான். மாமாவுக்கும் அப்படித்தான். அழகு என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். கண்ணின் வெள்ளைப் படலமும் கொலாஜனால் ஆனது. அது மெலிந்திருந்தால் உள்ளே இருக்கும் ரத்தக்குழாய்ப் படலத்தின் நிறம் வெளியே நீலமாகத் தெரியும். அதைத்தான் அந்த டாக்டர் பார்த்திருக்கிறார்.

நோயின் பெயர் ஆஸ்டியோஜெனிசிஸ் இம்பெர்ஃபெக்டா. சுருக்கமாக ஓ.ஐ. தமிழில் 'கண்ணாடி எலும்பு நோய்' என்று எழுதுகிறார்கள். எனக்கு அந்தப் பெயர் அவ்வளவாகப் பிடிக்காது. நான் கண்ணாடி இல்லை, 25 வருஷமாக 40 பிள்ளைகளைக் கட்டி மேய்க்கிறவள். பரம்பரையாக வரும் இணைப்புத் திசுக் கோளாறுகளில் இதுவும் ஒன்று. மார்ஃபான், எஹ்லர்ஸ்-டான்லோஸ் என்று இதற்கு ஒன்றுவிட்ட சொந்தங்கள் சில இருக்கின்றன. அவற்றில் மூட்டு, தோல், ரத்தக்குழாய் என்று வேறு வேறு இடங்களில் பிரச்னை தூக்கலாக இருக்கும். எலும்பிலேயே நேராகக் கை வைப்பது எங்களுடையது.

கொலாஜன் இழை மூன்று கால் போட்டுப் பின்னிய சடை மாதிரி இருக்கும். அந்தச் சடைக்கான செய்முறை இரண்டு மரபணுக்களில் எழுதியிருக்கிறது. என்னிடம் பழுதாக இருக்கும் மரபணுவை 'கால் ஒன் ஏ ஒன்' என்று படிக்கிறார்கள். காலை உடைக்கிற மரபணுவுக்குக் 'கால்' என்று பெயர் அமைந்ததை நினைத்து நானும் மகளும் இன்னும் சிரிப்போம். எங்களுக்கு வந்திருப்பது டைப் ஒன், இருப்பதிலேயே லேசான வகை. சடையின் பின்னல் சரியாக இருக்கும், ஆனால் சடைகளின் எண்ணிக்கை பாதிதான். வேறு வகைகளில் பின்னலே கோணலாகிவிடும். அந்தக் குழந்தைகள் படும் பாடு பெரிது. இந்த வகைகளை முதன்முதலில் தெளிவாகப் பிரித்து எழுதியவர் டேவிட் சில்லன்ஸ் என்ற ஆஸ்திரேலிய மருத்துவர், 1979-ல். அந்த வருஷம் எனக்கு நாலு வயது. காலில் மூங்கில் பத்தையோடு திண்ணையில் உட்கார்ந்திருந்திருப்பேன்.

பெயர் தெரிந்த அன்று எனக்கு அழுகை வந்தது மகளை நினைத்து அல்ல, அம்மாவை நினைத்து.

அம்மா 2009-ல் போய்விட்டாள். 61 வயது. கடைசிப் பத்து வருஷம் அவள் நிமிர்ந்து நான் பார்த்ததில்லை. ஒரே சேலையை 20 வருஷம் கட்டியவள் அவள். அந்தச் சேலை வருஷா வருஷம் அவளுக்கு நீளமாகிக்கொண்டே போனது. இடுப்பில் முதலில் இரண்டு விரல் மடித்துச் செருகினாள், பிறகு நாலு விரல், பிறகு ஒரு சாண். "துணி நீளுதுடி" என்று சிரிப்பாள். நீண்டது துணி இல்லை. முதுகெலும்பின் கட்டைகள் ஒவ்வொன்றாக நசுங்கி அவள் குட்டையாகிக்கொண்டிருந்தாள். கூன் விழுவது வயதானால் சகஜம் என்று விட்டுவிட்டார்கள். 50 வயதுக்குக்கூட அதே சமாதானம்தான்.

அம்மாவுக்கு 38 வயதில் கர்ப்பப்பையை எடுத்தார்கள். ரத்தப்போக்கு அதிகம் என்று போனவளுக்கு, சினைப்பைகளையும் சேர்த்தே எடுத்துவிட்டார்கள். "பிள்ளைதான் பெத்தாச்சே, அது எதுக்கு இனிமே?" என்று அங்கே கேட்டார்களாம். அது எதற்கு என்று இப்போது எனக்குத் தெரியும். சினைப்பையில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் எலும்புக்குக் காவல்காரன் மாதிரி. நம் எலும்பு தினமும் கொஞ்சம் அரிக்கப்படும், கொஞ்சம் புதிதாகக் கட்டப்படும். அரிக்கிற வேலை கை மீறிப் போகாமல் பிடித்துவைப்பது ஈஸ்ட்ரோஜன்தான். மாதவிலக்கு நிற்கும் வயதில் அது எல்லாப் பெண்களுக்கும் குறைகிறது. சினைப்பைகளை எடுத்துவிட்டால் மறுநாளே குறைந்துவிடுகிறது. கம்பி பாதியாக இருந்த வீட்டில், 38 வயதிலேயே காவலும் போய்விட்டது. கர்ப்பப்பை அறுவை சிகிச்சை தேவையான பெண்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால், சினைப்பைகளையும் எடுக்கப்போகிறீர்களா, எடுத்தால் என் எலும்புக்கு என்ன வழி என்ற கேள்வியை எந்தப் பெண்ணும் கேட்கலாம். அம்மாவிடம் அப்படி ஒரு கேள்வி இருப்பதே யாருக்கும் தெரியாது.

அவளுக்குக் காதும் மந்தம். 35 வயதிலிருந்தே. 'செவிட்டு அக்கா' என்று தெருவில் ஒரு பெயர் உண்டு. ஓ.ஐ. உள்ளவர்களுக்குக் காதுக்குள் இருக்கும் குட்டி எலும்புகளும் பாதிக்கப்பட்டு, 20, 30 வயதுகளிலேயே கேட்கும் திறன் குறையத் தொடங்கலாம் என்பது தெரிந்ததும் நான் சோதித்துக்கொண்டேன். அன்றிலிருந்து இரண்டு காதிலும் மிஷின் போட்டிருக்கிறேன். கடைசி பெஞ்ச் பையன்களுக்குத்தான் இதில் வருத்தம்.

என் கதைக்கு வருகிறேன். 12-வது முறிவு, 2000-ல் மகள் பிறந்து இரண்டாவது மாதம். தொட்டிலிலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திரும்பும்போது பாத எலும்பு ஒன்று விட்டது. தாய்ப்பால் கொடுக்கும் மாதங்களில் தாயின் எலும்பிலிருந்து கால்சியம் எடுக்கப்பட்டுத்தான் பாலுக்குப் போகிறது. பால் மறந்த பிறகு பெரும்பாலான பெண்களுக்கு அது திரும்ப ஏறிவிடும். எனக்கு அந்த இடைவெளியில் கால் போனது. என் மாமியார் ஒரு வார்த்தை பேசாமல் 48 நாள் உளுந்தங்களி கிண்டிக் கொடுத்தார். அவருக்கு நான் கடன்பட்டவள்.

46 வயதில் மாதவிலக்கு நின்றது. அடுத்த வருஷம், 2022-ல், 13-வது முறிவு. டவுன் பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்திருந்தேன். வேகத்தடையில் பஸ் ஏறி இறங்கியது. கடைசி சீட்டில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும், ஒரு நொடி அந்தரத்தில் இருந்துவிட்டுத் திரும்ப வந்து சீட்டில் விழுவோம். விழுந்தபோது முதுகில் யாரோ ஆணி அடித்ததுபோல இருந்தது. பக்கத்தில் இருந்த அம்மாள் தலையில் கூடை வைத்திருந்தார், அவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

முதலில் காட்டிய இடத்தில் தசைப்பிடிப்பு என்றார்கள். தைலம், பெல்ட், கால்சியம். இரண்டு மாதம் அதோடு பள்ளிக்கூடம் போனேன். நடுவில் சளி பிடித்து இருமியதில் விலா எலும்பில் ஒன்று விட்டது. அது 14. அந்த விலாவுக்காகப் பக்கவாட்டில் எடுத்த எக்ஸ்ரேயில்தான், முதுகெலும்பில் ஒரு கட்டை முன்பக்கமாக நசுங்கி, ஆப்பு வைத்த மாதிரி ஆகியிருப்பது தெரிந்தது. அந்தப் படத்தைப் பார்த்தபோது எனக்கு அம்மாவின் சேலை மடிப்பு ஞாபகம் வந்தது.

இந்த முறை மதுரையில் ஹார்மோன் டாக்டரிடம் போனோம். டெக்ஸா ஸ்கேன் எடுக்கச் சொன்னார். படுக்கவைத்து, மேலே ஒரு கை மாதிரி நகர்ந்து படம் எடுக்கும். ஊசி கிடையாது, வலி கிடையாது, கதிர்வீச்சும் மிகக் குறைவு. 2,800 ரூபாய் ஆனது. இடுப்பு, முதுகெலும்புகளின் அடர்த்தியை ஆரோக்கியமான இளவயதுப் பெண்களின் அடர்த்தியோடு ஒப்பிட்டு ஓர் எண் வரும். டி ஸ்கோர் என்பார்கள். மைனஸ் 1-க்கு மேலே இருந்தால் நல்லது. மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே போனால் எலும்புப்புரை, அதாவது ஆஸ்டியோபோரோசிஸ். எனக்கு மைனஸ் 3.1.

டாக்டர் அந்தத் தாளைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னது முக்கியம். "டீச்சர், இந்த மிஷின் சிமென்ட்டை மட்டும்தான் எடை போடும். கம்பியைப் பார்க்காது. உங்களுக்கு இந்த நம்பர் மைனஸ் 2-ன்னு வந்திருந்தாக்கூட நான் கவலைப்பட்டிருப்பேன்." சாதாரணமாக ஒரு பெண்ணுக்கு ஆபத்தில்லை என்று சொல்லும் எண், எங்கள் மாதிரிப் பெண்களுக்கு ஆபத்தாக இருக்கலாம். அதனால் ஸ்கேன் எடுக்கப் போகிறபோது, "எனக்கு சின்ன வயசுல இத்தனை தடவை உடைஞ்சிருக்கு, எங்க குடும்பத்துல இப்படி ஒரு பரம்பரைக் கோளாறு இருக்கு" என்று வாய் திறந்து சொல்ல வேண்டும். தாளில் வரும் எண்ணுக்கு அது தெரியாது.

சிகிச்சை பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். இது எனக்குப் பார்த்த வைத்தியம், உங்களுக்கானதை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும். முதலில் வைட்டமின் டி பார்த்தார்கள், 11 இருந்தது. 20-ஆவது வேண்டும். வெயிலுக்குப் பஞ்சமில்லாத கோவில்பட்டியில் வாழ்கிறவளுக்கு 11! ஆனால் வெயில் ஏறுமுன் வகுப்பறைக்குள் போய், வெயில் இறங்கிய பிறகு வெளியே வருகிறவளுக்கு எந்த ஊர் வெயிலாக இருந்தால் என்ன? அதைச் சரிசெய்த பிறகுதான், ஜோலெட்ரோனிக் ஆசிட் என்ற மருந்தை நரம்பு வழியாக ஏற்றினார்கள். வருஷத்துக்கு ஒருமுறை. எலும்பை அரிக்கும் செல்களை இது அடக்கிவைக்கும். வைட்டமின் டி குறைவாக இருக்கும்போது ஏற்றினால் ரத்தத்தில் கால்சியம் சட்டென்று இறங்கிவிடுமாம். சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்றும் பார்த்தார்கள். பல் டாக்டரிடமும் முன்கூட்டியே அனுப்பினார்கள். அரிதாக, இந்த மருந்துக்குப் பிறகு பல் பிடுங்கினால் தாடை எலும்பில் புண் ஆறாமல் போகும் என்பதால், பிடுங்க வேண்டிய பல் இருந்தால் முன்பே பிடுங்கிவிட வேண்டும். முதல் ஊசி போட்ட மறுநாள் காய்ச்சல், உடம்பெல்லாம் அடித்துப்போட்ட வலி. இரண்டே நாளில் போய்விட்டது. அடுத்த வருஷம் அதுவும் இல்லை.

இந்த மருந்து எங்களுக்கு எலும்பின் அடர்த்தியைக் கூட்டுகிறது. ஆனால், ஓ.ஐ. உள்ள பெரியவர்களுக்கு முறிவுகளை எந்த அளவுக்குக் குறைக்கிறது என்பதில் ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. டாக்டர் இதையும் என்னிடம் மறைக்கவில்லை. கம்பியை யாராலும் மாற்ற முடியாது, இருக்கிற சிமென்ட்டைக் காப்பாற்றலாம், அவ்வளவுதான். டப்பாவில் விற்கிற கொலாஜன் பவுடரைப் பற்றியும் கேட்டேன். வயிற்றுக்குள் போனால் அது பருப்பு, முட்டை மாதிரி இன்னொரு புரதம்தான், செரித்துவிடும். மரபணுவில் இருக்கும் செய்முறையை அது திருத்தாது. அந்தக் காசுக்கு கேழ்வரகு வாங்கலாம். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. மாதவிலக்கு நின்ற பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 1,200 மில்லிகிராம் வேண்டும் என்கிறது நம் ஐ.சி.எம்.ஆர். கேழ்வரகுக் கூழ், மோர், முருங்கைக்கீரை, பொடி நெத்திலி என்று முக்கால்வாசி வந்துவிடுகிறது. மிச்சத்துக்கு ஒரு மாத்திரை.

வீட்டில்தான் நிறைய மாறியது. பாத்ரூமில் பிடிகம்பி வைத்தோம். வாசலில் கிடந்த வழுக்கும் மிதியடிகளைத் தூக்கி எறிந்தேன். பரணில் எதுவும் கிடையாது. குனிந்து கோலம் போடுவதில்லை, ஸ்டூலில் உட்கார்ந்து படிக்கட்டில் சின்னதாகப் போடுகிறேன். முதுகெலும்பு நசுங்கியவர்கள் முன்னால் குனிந்து முறுக்கும் அசைவுகளைத் தவிர்க்க வேண்டும். யோகா வகுப்புக்குப் போகும் தோழிகள் இதைக் குருவிடம் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். அதற்காக அசையாமல் உட்காரவும் கூடாது. உடம்பின் பாரம் எலும்பில் இறங்கினால்தான் எலும்பு தன்னைக் கட்டிக்கொள்ளும். காலை 40 நிமிஷம் நடக்கிறேன், பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்த முதுகுப் பயிற்சி செய்கிறேன், சுவரைப் பிடித்து ஒற்றைக் காலில் நின்று பழகுகிறேன். கதவு நிலையில் என் உயரத்தைப் பென்சிலால் குறித்து வைத்திருக்கிறேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மகள் ஸ்கேல் வைத்துப் பார்ப்பாள். பஸ்ஸில் முன் பக்கம்தான் உட்காருகிறேன். இடம் இல்லை என்றால் அடுத்த பஸ்.

இனி மகள் விஷயம்.

அவளுக்கு 25 வயது. கோயம்புத்தூரில் வேலை. அவளுக்கும் அதே 'கால் ஒன் ஏ ஒன்'தான். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர 50 சதவிகித வாய்ப்பு. ஆண், பெண் பேதம் இல்லை. அவளுக்கும் ஸ்கேன் எடுத்திருக்கிறோம். மாதவிலக்கு நடக்கும் வயதில் டி ஸ்கோரைவிட, அதே வயதுப் பெண்களோடு ஒப்பிடும் இசட் ஸ்கோரைத்தான் பார்ப்பார்கள். சற்றுக் குறைவு, பயப்படும்படி இல்லை. என் ஊசியை இப்போது அவளுக்குப் போட டாக்டர் விரும்பவில்லை. அந்த மருந்து எலும்பில் பல வருஷம் தங்கும், பிள்ளை பெறும் வயதில் யோசித்துத்தான் கொடுப்பார்கள். எலும்பு தன் உச்ச பலத்தை எட்டுவது 30 வயதுக்குள். அதனால் இப்போது அவள் வேலை, சேர்க்கிற வரைக்கும் சேர்ப்பதுதான்.

போன வருஷம் வரன் பார்க்க ஆரம்பித்தோம். மாமா வீட்டு அத்தை வந்து அடுப்படியில் என் காதருகே குனிந்து, மிஷின் இருப்பதை மறந்து சத்தமாகவே சொன்னார்: "கல்யாணம் ஆகிற வரைக்கும் வாயத் திறக்காத. உங்க அப்பா உன்னைச் சொல்லியா கட்டிக் கொடுத்தாரு? நான் சொல்லியா என் பிள்ளைகளக் கட்டிக் கொடுத்தேன்?"

அத்தை கெட்டவர் இல்லை. சொன்னால் என்ன நடக்கும் என்று தெரிந்தவர். இவர் இரண்டு பெண்களைக் கரையேற்றியது அந்த மௌனத்தை வைத்துத்தான். ஆனால், அந்த மௌனம் மாப்பிள்ளை வீட்டோடு நிற்பதில்லையே. வெளியே சொல்லக் கூடாது என்பதால் வீட்டுக்குள்ளும் பேசுவதில்லை. வீட்டுக்குள் பேசாததால், அம்மாவின் கூனும், மாமாவின் உடைந்த கைகளும், என் தொடையும் ஒரே கதை என்பது 40 வருஷம் யாருக்கும் தெரியவில்லை. அறுவை சிகிச்சைக்குப் படுத்த அம்மாவிடம், "உங்க வீட்டுல எலும்பு உடையுமா?" என்று கேட்டிருந்தால், அவளே "அதெல்லாம் இல்லீங்க" என்றுதான் சொல்லியிருப்பாள்.

முடிவு செய்தது மகள். "நாளைக்கு நான் கர்ப்பமா இருக்கும்போது இடுப்பு வலின்னா, அது என்ன வலின்னு தெரிஞ்ச வீட்டுல நான் இருக்கணும்மா. பிரசவத்துல என்னைத் திருப்பிப் படுக்கவைக்கிற நர்ஸுக்குத் தெரியணும். ஒளிச்சு வச்சுட்டு நான் யாருகிட்டப் போய் ஸ்கேனுக்குக் காசு கேக்குறது?" என்றாள். என் கணவர், "அவ சொல்றதுதான் சரி" என்று எழுந்து போய்விட்டார்.

மூன்றாவதாக வந்த இடம் எங்களுக்குப் பிடித்திருந்தது. பையனிடம் அவளே பேசினாள். பிறகு நாங்கள் நேரில் போய் அவன் பெற்றோரிடம் எல்லாவற்றையும் சொன்னோம். பழுது எந்த மரபணுவில் என்று தெரிந்திருப்பதால், வேண்டுமானால் கர்ப்ப காலத்திலேயே பரிசோதித்துக்கொள்ள முடியும் என்பதையும் சொன்னோம். 2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கையில் இந்த நோயும் இருக்கிறது, குழந்தைகளுக்கே இப்போது மருந்து கொடுக்கிறார்கள் என்பதையும் சொன்னோம். பையனின் அம்மா கவனமாகக் கேட்டார். காபி கொடுத்தார். "பேசிட்டுச் சொல்றோம்" என்றார். இரண்டு வாரம் கழித்து, ஜாதகத்தில் ஏதோ சரியில்லை என்று தரகர் போன் செய்தார்.

மகள் ஒரு நாள் முழுக்க அறையை விட்டு வரவில்லை. மறுநாள் கோயம்புத்தூர் பஸ் ஏறினாள். இன்னும் வரன் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். இன்னும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம். அத்தை என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். நாங்கள் சொன்னது ஊர் சுற்றி அவர் மருமகன்கள் காதுக்கும் போயிருக்கிறது.

போன மாதம் ஒரு ராத்திரி, பத்து மணிக்கு மேல் போன் வந்தது. அத்தையின் மூத்த மகள். என்னைவிட ஆறு வயது சின்னவள். எங்களோடு சேர்ந்து விளையாடியவள், எனக்கிருக்கும் அதே நீலக் கண். குரலை அடக்கிப் பேசினாள்.

"மதினி, எனக்கு ஏழெட்டு மாசமா தீட்டு வரலை. முதுகு வலி வேற. அந்த ஸ்கேன் எங்க எடுத்தீங்க?"

இடத்தைச் சொன்னேன். சனிக்கிழமை வரச் சொன்னேன், நானும் கூட வருகிறேன் என்றேன். சின்ன வயது எக்ஸ்ரே ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன்.

"பீரோ மேல ஒரு பெரிய கவர் நிறைய இருக்கு மதினி. அம்மா அதைத் தொடவே விட மாட்டாங்க."

"எல்லாத்தையும் எடுத்துட்டு வா" என்றேன்.